ஒரே சிட்டக்கல், ஆளுக்கொரு ரிப்போர்ட்

இரும்பு கலந்த எதையாவது, அது மண்ணோ துருவோ நானோ ஆக்சைடோ பழைய உலைச் சிட்டமோ (தாதுவை உருக்கும்போது வழிந்து உறையும் கழிவு), ஸ்பெக்ட்ராஸ்கோப்பி மூலம், அதாவது ஒளியையோ கதிரையோ விட்டு அது எதை விழுங்குகிறது, எதைத் திருப்புகிறது என்று அளந்து, ஆராயப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, பெரிய கருவி எதுவும் இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு, சாம்பிளைக் கூரியரில் அனுப்பிவிட்டு ரிப்போர்ட் எப்போது வரும் என்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு. நான் தருமபுரியில் இருக்கிறேன். கௌரவ விரிவுரையாளர் வேலை, கூடவே பார்ட் டைம் பிஹெச்டி. சம்பளம் வரும், ஆனால் எந்த மாதத்துச் சம்பளம் எந்த மாதம் வரும் என்று கேட்கக் கூடாது. இந்த ஆராய்ச்சியில் கைக்காசு 60,000 ரூபாய்க்கு மேல் போனது. ஒரு சங்கிலி அடகுக் கடைக்குப் போய்வந்தது. விஷயம் தெரிந்த ஒருவர் ஆரம்பத்திலேயே என்னோடு அரை மணி நேரம் பேசியிருந்தால் அதில் பாதிப் பணமும் ஒரு வருஷமும் மிச்சமாகியிருக்கும். அந்த அரை மணி நேரப் பேச்சுதான் இது.

என் தலைப்பு பழைய இரும்புச் சிட்டம். அரூர் பக்கம் சித்தப்பா நிலத்தில் மரவள்ளிக்கு உழும்போதெல்லாம் கறுப்பாக, கனமாக, ஒரு பக்கம் வழிந்து உறைந்த மாதிரி கற்கள் வரும். சிட்டக்கல் என்று எடுத்து வரப்பில் வீசிவிடுவார்கள். பக்கத்தில் தீர்த்தமலையில் மேக்னடைட் தாது இருக்கிறது, அந்தக் காலத்தில் இங்கே இரும்பு உருக்கியதில் ஆச்சரியம் இல்லை. 2022-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று அறிவிப்பு வந்ததும் எங்கள் துறையில் எல்லோருக்கும் ஒரே உற்சாகம். கைடு என்னைக் கூப்பிட்டு, "உங்க ஊர்லயே சரக்கு இருக்கும்மா, வேற எங்கயும் தேட வேணாம்" என்றார். அகழாய்வு நடக்கும் இடங்களிலோ பாதுகாக்கப்பட்ட இடங்களிலோ ஒரு துண்டுகூடப் பொறுக்கக் கூடாது. அதனால் சொந்த நிலத்து வரப்பில் குவிந்து கிடந்ததை மட்டும், எந்த மூலையில் கிடந்தது என்று படம் எடுத்து, எண் போட்டு எடுத்துக்கொண்டேன். இது எவ்வளவு பழையது என்று நான் எங்கும் சொல்லவில்லை. காலக் கணிப்பு வேறு வேலை.

எனக்கு வேண்டியிருந்தது ஒரு கேள்விக்குப் பதில்: அந்த உலை எப்படி எரிந்தது? பழைய முறையில் இரும்பு உருகாது. அது உருக 1538 டிகிரி வேண்டும், கரியும் துருத்தியும் வைத்து அந்தச் சூட்டைப் பிடிப்பது கஷ்டம். ஆனால் தாதுவில் உள்ள மணலும் கொஞ்சம் இரும்பும் சேர்ந்து 1200 டிகிரிப் பக்கத்திலேயே உருகி ஓடிவிடும். அதுதான் சிட்டம். உலைக்குள் கரியமில வாயு குறைவாகவும் கார்பன் மோனாக்சைடு நிறையவும் இருந்தால் சிட்டத்தில் உள்ள இரும்பு பெரும்பாலும் ஃபெரஸ், அதாவது இரண்டு எலக்ட்ரான் இழந்த நிலையில் இருக்கும். ஃபயலைட், வுஸ்டைட் என்ற கனிமங்களாக உட்கார்ந்திருக்கும். காற்று அதிகம் புகுந்திருந்தால் ஃபெரிக், மூன்று எலக்ட்ரான் இழந்தது, கூடும். அதோடு மண்ணில் கிடந்த காலத்தில் ஏறிய துருவும் ஃபெரிக்தான். ஆக உலை கொடுத்த ஃபெரிக் எது, மழை கொடுத்த ஃபெரிக் எது என்று பிரிக்க வேண்டும். கேள்வி இவ்வளவு தெளிவாக ஆரம்பத்தில் யார் வாயிலிருந்தும் வரவில்லை. "கேரக்டரைசேஷன் பண்ணும்மா, எஃப்டிஐஆர், எக்ஸ்ஆர்டி, ராமன் எல்லாம் போட்டுரு" என்பதுதான் எனக்குக் கிடைத்த வழிகாட்டல். எஃப்டிஐஆர் அகச்சிவப்பு ஒளியில் எதைப் பொருள் விழுங்குகிறது என்று பார்ப்பது, எக்ஸ்ஆர்டி எக்ஸ் கதிர் படிகத்தில் பட்டுச் சிதறும் கோணங்களை வைத்துக் கனிமத்தை அடையாளம் காண்பது, ராமன் லேசர் ஒளி பொருளில் பட்டு நிறம் மாறிச் சிதறுவதைப் பார்ப்பது. எல்லாம் போட்டேன். எல்லாவற்றுக்கும் பில் வந்தது.

முதலில் எங்கள் கல்லூரி லேப்பிலேயே ஃபினாந்த்ரோலின் முறை. இளங்கலை மாணவர்களே செய்வார்கள், செலவு ரசாயனம் மட்டும்தான். பொடியை அமிலத்தில் கரைத்து, ஹைட்ராக்சிலமைன் ஹைட்ரோகுளோரைடு போட்டு ஃபெரிக்கை எல்லாம் ஃபெரஸாக்கி, சோடியம் அசிடேட்டால் பிஎச்சைச் சரிசெய்து, ஃபினாந்த்ரோலின் ஊற்றினால் ஆரஞ்சுச் சிவப்பு நிறம் வரும். 510 நானோமீட்டரில் அளந்தால் மொத்த இரும்பு தெரிந்துவிடும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் இருந்தாலே அப்சார்பன்ஸ் (கரைசல் ஒளியை விழுங்கும் அளவு) 0.2 வரை காட்டும், அவ்வளவு கூர்மையான முறை. அந்தக் கூர்மையே எனக்கு வினையாக வந்தது. சிட்டமே போடாத பிளாங்க் குடுவை, வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தால், லேசாக ஆரஞ்சு அடித்தது. ரசாயனத்தை மாற்றினேன், அப்படியே. வடிகட்டும் தாளை மாற்றினேன், அப்படியே. கடைசியில் குடுவையின் கழுத்தைச் சுரண்டிப் பார்த்தால் பழுப்பாக ஒரு படலம். எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் இரும்பு இருக்கிறது, மேல்தொட்டியின் உள்சுவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வருஷக்கணக்காக அதே தண்ணீரில் கழுவிய கண்ணாடி இது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் இரட்டை வடிநீரில் அலசிய பிறகுதான் பிளாங்க் நிறமில்லாமல் வந்தது. அதற்கு முன் எடுத்த ரீடிங் எல்லாம் குப்பைக்கு.

அதே முறையில் ஹைட்ராக்சிலமைன் போடாமல் அளந்தால் ஃபெரஸ் மட்டும் கிடைக்கும், மொத்தத்தில் கழித்தால் ஃபெரிக் என்று புத்தகத்தில் எளிதாக எழுதியிருக்கும். சிட்டத்துக்கு இதை நம்ப வேண்டாம். கரைக்கும்போதே காற்று பட்டு ஃபெரஸ் ஃபெரிக்காக மாறும். இன்னொரு பக்கம், ஃபெரிக்கும் ஃபினாந்த்ரோலினும் சேர்ந்த கரைசல் வெளிச்சத்தில் இருந்தால் ஃபெரஸாக மாறும். ஜன்னலோரம் வைத்த குடுவையும் அலமாரிக்குள் வைத்த குடுவையும் ஒரே கரைசல்தான், மதியம் வேறு வேறு எண் காட்டின. மொத்த இரும்புக்கு இந்த முறையை வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு இதைவிட மலிவாக ஒன்று கிடையாது. எந்த நிலையில் இரும்பு இருக்கிறது என்பதைக் கரைக்காமல் பார்க்கும் முறையிடம் விட்டுவிடுங்கள்.

எஃப்டிஐஆரைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், அதில் எனக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். பொட்டாசியம் புரோமைடு வில்லை போட்டு எடுத்தார்கள். ஐப்பசி மழை நேரம். வரைபடத்தில் 3400-இல் (அலை எண், ஒரு சென்டிமீட்டருக்கு இத்தனை அலை என்ற கணக்கு) பெரிய மேடு, அதாவது பீக், 1630-இல் சின்ன மேடு. ரிப்போர்ட்டில் அதைத் துருவில் உள்ள ஹைட்ராக்சில் என்று எழுதிக் கொடுத்தார்கள். அது வில்லை குடித்த ஈரம். துருக் கனிமமான கோத்தைட்டின் ஹைட்ராக்சில் 3150 பக்கம் வர வேண்டும். சரி, கோத்தைட்டுக்கு 890, 795 என்று வேறு அடையாளம் இருக்கிறதே என்று பார்த்தால், 890 பக்கத்தில் ஃபயலைட்டின் சிலிக்கேட் பீக்குகள் வந்து மூடுகின்றன, 795-ஐ ஒட்டி குவார்ட்ஸ் 798-இல் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் பக்கத்துத் தாதுவே மேக்னடைட்டும் குவார்ட்ஸும் அடுக்கடுக்காக இருப்பதுதான். குவார்ட்ஸ் என்றால் 779-இல் இன்னொரு பீக் ஜோடியாக இருக்கும், அதைத் தேடுங்கள். இருந்தால் 795-ஐ வைத்துக் கோத்தைட் என்று எழுதாதீர்கள். சுத்தமான ஆக்சைடு செய்கிறவர்களுக்கு எஃப்டிஐஆர் போதும், மண்ணிலிருந்து வந்த பொருளுக்கு அது சாட்சி மட்டும், தீர்ப்பு கிடையாது.

அடுத்தது எக்ஸ்ஆர்டி. இது ஸ்பெக்ட்ராஸ்கோப்பி கணக்கில் வராது என்று சண்டைக்கு வராதீர்கள், இரும்புக்காரர்கள் யாரும் இதைத் தாண்டிப் போக முடியாது, இதில் பணம் போவதற்குக் காரணமும் ஸ்பெக்ட்ராஸ்கோப்பிதான். ஒரு தனியார் லேப்பில் கொடுத்தேன். கட்டணம், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. வந்த படத்தில் கோடு முழுக்கப் புல் முளைத்த மாதிரி இரைச்சல், நடுவில் தலை காட்டும் சில பீக்குகள். "உங்க சாம்பிள் அமார்ஃபஸ் மேடம்" என்றார்கள். அதாவது படிக அமைப்பே இல்லாதது என்று. பளபளவென்று படிகம் கண்ணுக்கே தெரியும் கல்லைப் பார்த்து அமார்ஃபஸ் என்றால் எப்படி? விஷயம் இதுதான். பெரும்பாலான கருவிகளில் தாமிரக் குழாய் இருக்கும். அதிலிருந்து வரும் எக்ஸ் கதிரின் ஆற்றல் 8.04 கிலோ எலக்ட்ரான் வோல்ட். இரும்பின் உள்கூட்டு எலக்ட்ரானைத் தூக்க 7.11 போதும். ஆக இரும்பு அந்தக் கதிரை விழுங்கிவிட்டு, தன் சொந்தக் கதிரை 6.4-இல் நாலா பக்கமும் உமிழும். டிடெக்டர் அதையும் எண்ணிக்கொண்டே இருக்கும். அதுதான் அந்தப் புல். கோபால்ட் குழாயின் கதிர் 6.93, இரும்பின் வாசலுக்குக் கீழே, அதனால் பிரச்சினை இல்லை. தாமிரம்தான் இருக்கிறது என்றால், சாம்பிளுக்கும் டிடெக்டருக்கும் நடுவில் கிராஃபைட் மோனோகுரோமேட்டர் (வேண்டிய ஆற்றல் உள்ள கதிரை மட்டும் விடும் வடிகட்டி) உண்டா, அல்லது ஆற்றலைப் பிரித்துப் பார்க்கும் டிடெக்டரா என்று கேளுங்கள். இரண்டும் இல்லை என்றால் பணத்தைக் கட்டாதீர்கள். இதை எனக்குச் சொன்னவர் வேறொரு ஊரில் கருவி இயக்கும் ஒரு அண்ணன். போனில் ஐந்து நிமிஷம். அப்போது நான் ஏற்கெனவே மொத்த வரிசை சாம்பிளுக்கும் பணம் கட்டியிருந்தேன்.

இனி ராமன். இதைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு முழு அத்தியாயத்தை இது விழுங்கியது. பெங்களூரில் ஒரு லேப்பில் எடுத்தார்கள். ரிப்போர்ட் பார்க்க அவ்வளவு அழகு. 225, 292, 411, 1320 என்று கத்தி மாதிரி பீக்குகள். பள்ளிப் பையனும் சொல்வான், இது ஹேமடைட் என்று. ஹேமடைட் முழுக்க முழுக்க ஃபெரிக். கைடுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "பாத்தியாம்மா, உலையில காத்து ஜாஸ்தி போயிருக்கு, புது விஷயம் இது" என்றார். நானும் அதை வைத்து உலையின் அமைப்பு, துருத்தியின் வேகம் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். ஒரு கருத்தரங்குக்குச் சுருக்கமும் போனது. ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அதே பொடியைத் தாளில் கொட்டி, அடியில் காந்தத்தை நகர்த்தினால் பொடி எழுந்து நின்று கூடவே நடந்தது. ஹேமடைட் அப்படிக் காந்தத்தின் பின்னால் ஓடாது.

கருத்தரங்கில் டீ குடிக்கும்போது வேறு மாநிலத்திலிருந்து வந்த ஒரு பேராசிரியர் என் போஸ்டரைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "லேசர் பவர் எவ்வளவு?" ரிப்போர்ட்டில் அது இல்லை. லேப்புக்குப் போன் போட்டேன். "சிக்னல் கம்மியா இருந்துச்சு மேடம், அதனால ஃபுல் பவர் வெச்சோம்" என்று வெகு சாதாரணமாகச் சொன்னார்கள். மைக்ராஸ்கோப் படம் ஏதாவது எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று கெஞ்சி வாங்கினேன். இரண்டு படம். முதலாவதில் கறுப்புத் துகள். லேசர் பட்ட பிறகு எடுத்த இரண்டாவதில், அந்தக் கறுப்பின் நடுவில், குங்குமத்தை ஊசி முனையால் தொட்டு வைத்ததுபோல ஒரு சிவப்புப் புள்ளி. அந்தப் புள்ளியின் ஸ்பெக்ட்ரம்தான் எனக்கு வந்தது. பழைய உலை எதுவும் அதைச் செய்யவில்லை, அந்த லேப்பின் லேசர் அரை நிமிஷத்தில் செய்தது.

கறுப்புப் பொருள் வெளிச்சத்தை அப்படியே விழுங்கும். லேசரை மைக்ரான் அளவுப் புள்ளியில் குவித்தால் அந்த இடம் மட்டும் பல நூறு டிகிரி சூடாகும். காற்றில் இருக்கும் மேக்னடைட் அந்தச் சூட்டில் முதலில் மேக்ஹமைட் என்ற ஃபெரிக் ஆக்சைடாகி, பிறகு ஹேமடைட்டாகிவிடும். இது புதிய கண்டுபிடிப்பு இல்லை, 1997-லேயே விரிவாகக் கட்டுரை வந்த விஷயம். வேறு இடத்தில், ஃபில்டர் போட்டு மில்லிவாட்டுக்கும் கீழே பவரை இறக்கி, சிக்னலுக்காகப் பொறுமையாக நேரம் கூட்டி எடுத்தபோது 668-இல் அகலமான ஒற்றை பீக் வந்தது. மேக்னடைட். ஆகவே, ராமனுக்குக் கொடுக்கும்போது குறைந்த பவரில் ஆரம்பித்து, படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் ஸ்பெக்ட்ரம் மாறுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் படம் கேளுங்கள். லேசரின் அலைநீளம், பவர், நேரம் மூன்றும் ரிப்போர்ட்டில் எழுதித் தர வேண்டும் என்று சொல்லுங்கள். இதைக் கேட்டால் சில இடங்களில் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அன்று ராத்திரி அந்த அத்தியாயத்தை அழிக்க மனம் வராமல் வேறு பெயரில் சேமித்து வைத்தேன். இன்னும் இருக்கிறது. பிஹெச்டியை விட்டுவிடலாம் என்று உண்மையாகவே யோசித்தது அந்த மாதம்தான். வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பா மட்டும், "ஏங்கண்ணு, வரப்புல கெடந்த கல்லுக்குப் போயா இவ்ளோ செலவு?" என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்தப் பேராசிரியர்தான் மாஸ்பவர் பக்கம் கையைக் காட்டினார். "இரும்புக்குன்னே ஒரு முறை இருக்கும்போது நீ ஏன் மத்ததை எல்லாம் சுத்தறே?" என்றார். பெயர் பாடப்புத்தகத்தில் படித்ததுதான். ருடால்ஃப் மாஸ்பவர் 1958-இல் கண்டுபிடித்து 1961-இல் நோபல் பரிசு வாங்கியது. கோபால்ட்-57 என்ற கதிரியக்க மூலம் சிதைந்து இரும்பு-57 ஆகும்போது 14.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா கதிர் வரும். நம் சாம்பிளில் உள்ள இரும்பில் சுமார் 2 சதவீதம் அதே இரும்பு-57. அது மட்டும் இந்தக் கதிரைப் பிடித்துக்கொள்ளும், மற்ற தனிமங்கள் எதுவும் பதில் பேசாது. மூலத்தை முன்னும் பின்னும் விநாடிக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் ஆட்டுவார்கள், எறும்பு நடப்பதைவிட மெதுவாக. அந்த வேகம் தரும் துளியூண்டு ஆற்றல் மாற்றமே ஃபெரஸையும் ஃபெரிக்கையும் பிரித்துக் காட்டிவிடும். ஃபயலைட்டில் உள்ள ஃபெரஸ் என்றால் ஐசோமர் ஷிஃப்ட் (கோடுகளின் நடுப்புள்ளி பூஜ்யத்திலிருந்து விலகும் தூரம்) விநாடிக்கு 1.15 மில்லிமீட்டரை ஒட்டி, இரண்டு கோடுகளுக்கு இடையே தூரம் 2.8-ஐ ஒட்டி. ஃபெரிக் என்றால் ஷிஃப்ட் 0.3, 0.4 அளவில். காந்தத் தன்மை உள்ள ஆக்சைடு ஆறு கோடாகப் பிரியும், அணுக்கரு உணரும் காந்தப் புலம் ஹேமடைட்டுக்கு 51.7 டெஸ்லா, மேக்னடைட்டுக்கு 49, 46 என்று இரண்டு ஆறுகோடு. குவார்ட்ஸ் எவ்வளவு இருந்தாலும் கவலை இல்லை. 2004-இல் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ஊர்திகள் இரண்டிலும் இந்தக் கருவியை வைத்து அனுப்பியது இதனால்தான்.

பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இந்தூரில் உள்ள யூஜிசி-டிஏஇ கூட்டமைப்புக்கு (பல்கலைக்கழகங்களுக்குப் பெரிய கருவிகளைத் திறந்துவிடும் அமைப்பு) விண்ணப்பிக்கலாம். அரசின் ஐ-ஸ்டெம் இணையதளத்தில் தேடினால் எந்தக் கருவி எந்த ஊரில் இருக்கிறது என்றும் பார்க்கலாம். இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது. யாரோ சொன்ன ஓர் இடத்துக்கு நேரடியாக அனுப்பினேன். மாதக்கணக்கில் பதில் இல்லை. கேட்கும்போதெல்லாம் "க்யூல இருக்கு". கடைசியில் ஒருவர் மனசு வைத்து உண்மையைச் சொன்னார்: "சோர்ஸ் வீக்காயிடுச்சு மேடம், ஒரு சாம்பிளுக்கே ரொம்ப நாள் ஓடுது." கோபால்ட்-57-இன் அரை ஆயுள் 272 நாள்தான். வாங்கி இரண்டு வருஷம் ஆன மூலத்தில் முதலில் இருந்ததில் ஆறில் ஒரு பங்குகூட மிச்சம் இருக்காது. புதிதில் ஒரு நாளில் முடியும் ஸ்பெக்ட்ரத்துக்கு வாரம் தேவைப்படும். அனுப்பும் முன்பே "சோர்ஸ் எப்போது வாங்கியது, இப்போது எத்தனை மில்லிகியூரி?" என்று கேட்டுவிடுங்கள். மில்லிகியூரி என்பது கதிரியக்கத்தின் அளவு. செவ்வாயில் இருந்த கருவிகளுக்கும் இதே கதிதான், வருஷம் ஏற ஏற ஓர் அளவீட்டுக்கு ஆகும் நேரம் நீண்டுகொண்டே போனது. அங்கே போய் மாற்ற ஆள் இல்லை, இங்கே மாற்றப் பணம் இல்லை.

வந்த முதல் ஸ்பெக்ட்ரமும் சரியில்லை. நான் தாராளமாக ஒரு சின்னக் குப்பி நிறையப் பொடி அனுப்பியிருந்தேன், அவர்கள் தாராளமாக ஹோல்டர் நிறைய அடைத்துவிட்டார்கள். இதற்குச் சதுர சென்டிமீட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராம் இரும்புதான் வேண்டும். பாதி எடை இரும்பாக உள்ள சிட்டம் என்றால் 15 மில்லிகிராம் அளவு, விரல் நுனியில் ஒட்டும் பொடி. அதற்கு மேல் போனால் வலுவான கோடுகள் ஒரு மட்டத்துக்கு மேல் ஆழமாகாமல் தேங்கிவிடும், மெலிந்தவை மட்டும் வளரும். ஃபெரஸ் குறைவு, ஃபெரிக் அதிகம் என்று பொய்க் கணக்கு வரும். மொத்த இரும்பு எவ்வளவு என்று தெரிந்தால்தான் எத்தனை மில்லிகிராம் வைப்பது என்று கணக்குப் போட முடியும். அந்த இடத்தில் எங்கள் கல்லூரியில் எடுத்த ஃபினாந்த்ரோலின் எண் சோறு போட்டது. மெழுகிலோ போரான் நைட்ரைடிலோ கலந்து பரப்பச் சொல்லுங்கள், சமமாக நிற்கும்.

கேலிப்ரேஷனையும், அதாவது தெரிந்த பொருளை வைத்துக் கருவியின் அளவைச் சரிபார்ப்பதையும், விடாதீர்கள். ஆல்ஃபா இரும்புத் தகட்டின் ஸ்பெக்ட்ரம் கோப்பையும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். சிலர் ஐசோமர் ஷிஃப்ட்டை இரும்புத் தகட்டை வைத்துச் சொல்வார்கள், சிலர் ரோடியத்தில் பதித்த மூலத்தை வைத்துச் சொல்வார்கள். இரண்டுக்கும் 0.11 வித்தியாசம். கேட்காமல் எண்ணை மட்டும் எடுத்து வேறொருவர் கட்டுரையோடு ஒப்பிட்டால் கனிமமே மாறிப்போகும்.

அப்புறம் ஒரு 33 டெஸ்லா. என் ஸ்பெக்ட்ரத்தில் சின்னதாக ஓர் ஆறுகோடு, வெளிக் கோடுகள் பூஜ்யத்துக்கு இரு பக்கமும் விநாடிக்கு 5.3 மில்லிமீட்டரில். அது உலோக இரும்பு, சந்தேகமே இல்லை. கைடுக்கு மறுபடி உற்சாகம், சிட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட பழைய இரும்பே கிடைத்துவிட்டது என்று. ராமனில் ஒருமுறை பட்டவள் என்பதால் நான் எழுத உட்காரவில்லை, பொடி வந்த வழியை விசாரித்தேன். எக்ஸ்ஆர்டிக்குக் கொடுத்த இடத்தில் கல்லை எஃகு உருண்டை போட்ட மில்லில் அரைத்திருக்கிறார்கள். அங்கே மிச்சம் வந்த பொடியைத்தான் மாஸ்பவருக்கும் அனுப்பியிருந்தேன். புதுத் துண்டு ஒன்றைத் துணியில் சுற்றி, கருங்கல்லால் தட்டி உடைத்து, அகேட் (இரும்பு கலக்காத கடினக் கல்) உரலில் அசிட்டோன் விட்டுக் கையால் அரைத்து மறுபடி அனுப்பியதில் அந்த ஆறுகோடு இரைச்சலுக்குள் காணாமல் போனது. சிட்டத்துக்குள் உண்மையாகவே உலோக இரும்புத் துளி இருக்கும், இருக்காது என்றில்லை. ஆனால் அரைத்த பாத்திரம் எஃகு என்றால் அதை யாரும் நிரூபிக்க முடியாது. மில்லில் நேரம் கூடினால் ஃபெரஸ் ஆக்சிஜனேற்றம் ஆகும் என்பது தனிக் கதை. அகேட் உரல் விலை அதிகம்தான். பக்கத்துக் கல்லூரி ஜியாலஜி துறையில் கேட்டு வாங்கினேன், சும்மாவே கொடுத்தார்கள். அரைத்ததை ஓவனில் வைக்காமல் டெசிகேட்டரில் (ஈரம் உறிஞ்சும் மூடிய பாத்திரம்) உலர்த்தினேன், துருவில் சில வகைகள் சூட்டில் வேறாக மாறிவிடும்.

காசு விஷயத்தில் இன்னும் சில. கல்லூரியிலிருந்து ஹெச்ஓடி கையெழுத்தோடு ஒரு போனஃபைடு கடிதம் எப்போதும் பையில் இருக்கட்டும், பல இடங்களில் மாணவர் கட்டணம் தனியாக உண்டு, நாம் கேட்டால்தான் சொல்வார்கள். ரிப்போர்ட்டைப் படமாக மட்டும் தருகிறவர்களிடம் பணம் கட்டும் முன்பே எண்கள் உள்ள டெக்ஸ்ட் கோப்பும் வேண்டும் என்று மெயிலில் எழுதி ஒப்புக்கொள்ள வையுங்கள். எனக்கு ஓர் இடத்தில் அந்தக் கோப்புக்குத் தனியாக 1,500 ரூபாய் கேட்டார்கள், கொடுத்தேன். கண்ணாடிக் குப்பியில் அனுப்பாதீர்கள், கூரியரில் உடைந்து உறைக்குள் கறுப்பு மாவாகப் போய்ச் சேர்ந்தது. மூடி போட்ட பிளாஸ்டிக் எப்பன்டார்ஃப் குப்பி போதும். அனுப்பியதில் பாதியை எண் போட்டு வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன அத்தனை மறு அளவீடும் எனக்கு முடிந்தது அந்தப் பாதி இருந்ததால்தான். முடிந்தால் அளவெடுக்கும் நாளில் நேரில் போய் உட்காருங்கள். தருமபுரியிலிருந்து பெங்களூரு போய் வரும் பஸ் செலவு, ராமனை இரண்டாம் முறை எடுக்க ஆன செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.

ஃபிட்டிங்கிலும், அதாவது அளந்த வளைவோடு கணக்குக் கோடுகளைப் பொருத்துவதிலும், ஒரு பொறி இருக்கிறது. மென்பொருளில் இன்னொரு ஜோடிக் கோடு சேர்த்தால் கை-ஸ்கொயர் (பொருத்தத்தில் உள்ள பிழையின் அளவு) குறைந்துகொண்டே போகும், படம் அழகாகிக்கொண்டே வரும். சேர்க்கும் ஒவ்வொன்றுக்கும் இது எந்தக் கனிமம், வேறு எந்த முறையில் இதற்குச் சாட்சி உண்டு என்று கேட்டுவிட்டுச் சேர்த்தேன். இப்போது என் கணக்கில் இருப்பவை ஃபயலைட், வுஸ்டைட், கொஞ்சம் மேக்னடைட், நடுவில் ஷிஃப்ட் 0.37 உள்ள ஒரு ஃபெரிக் ஜோடி. முதல் மூன்றும் நல்ல கோபால்ட் குழாய் எக்ஸ்ஆர்டியிலும் இருக்கின்றன. உலை நன்றாகவே கரியில் மூடி எரிந்திருக்கிறது, காற்று அதிகம் என்ற கதைக்கு இடமில்லை.

மிச்சம் அந்த 0.37 ஜோடி. சிட்டத்தின் கண்ணாடிப் பகுதியில் மாட்டிய ஃபெரிக்காகவும் இருக்கலாம், மிக நுண்ணிய கோத்தைட் துருவாகவும் இருக்கலாம். பெரிய துகளாக இருந்தால் கோத்தைட் அறை வெப்பநிலையில் 38 டெஸ்லாவில் ஆறு கோடாக நிற்கும், நானோ அளவில் இருந்தால் காந்தத் திசை நிலையாக நிற்காமல் இரண்டு கோடாகச் சுருங்கிவிடும். திரவ நைட்ரஜன் குளிரில் எடுத்தால் துரு பெரும்பாலும் ஆறாகப் பிரியும், கண்ணாடி அப்படியே நிற்கும். அதற்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன், முறை இன்னும் வரவில்லை. அதுவரை சும்மா இருக்க வேண்டாம் என்று, ஒரே கல்லின் மேல்தோலைத் தனியாகச் சுரண்டியும், நடுப்பகுதியைத் தனியாக எடுத்தும் இரண்டையும் அறை வெப்பநிலையில் அளந்தோம். தோலில் அந்த ஜோடி பெரிதாக இருந்தது, நடுவில் பாதிக்கும் கீழே இறங்கியது. ஆகவே அதில் பெரும்பகுதி மழை கொடுத்ததுதான் என்று ஆய்வேட்டில் எழுதியிருக்கிறேன். வைவாவில் கேட்டால் சொல்வதற்கு அந்த இரண்டு ஸ்பெக்ட்ரத்தையும் ஒரே படத்தில் போட்டு வைத்திருக்கிறேன்.